பிசின் வாங்க வருகிறவர்கள் கேட்பவை: கம் அரபிக் பற்றிய கேள்வி பதில்

புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு நாட்டுமருந்துக் கடை இருக்கிறது. நான் வேதியியல் படித்தவள், முதுகலையில் செய்த சிறு ஆய்வும் மரப்பிசின் பற்றியதுதான். அதனால் பிசின் என்று யாராவது வாய் திறந்தால் அப்பா என்னைக் கை காட்டிவிடுவார். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டியிலிருந்து வருகிறவர்கள், கல்லூரி மாணவர்கள், பிரஸ் வைத்திருப்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

“கம் அரபிக்னா என்னம்மா? அரேபியாவுல இருந்து வர்ற கோந்தா?”

பெயரில்தான் அரபு இருக்கிறது. சரக்கு விளைவது ஆப்பிரிக்காவில். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே, செனகலில் தொடங்கி சோமாலியா வரை ஒரு வறண்ட நிலப்பட்டை நீளமாக ஓடுகிறது. அங்கே வளரும் இரண்டு வேல மரங்களின் பிசின் இது. ஒன்றைச் சூடான்காரர்கள் ஹஷாப் என்பார்கள், தாவரவியலில் அகேசியா செனகல். இன்னொன்று தல்ஹா, அதாவது அகேசியா சேயல். அரபு வணிகர்கள் கைமாற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பியதால் அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றும் அதிகம் விளைவது சூடானில்தான். அங்கே கோர்டோஃபான் பகுதியின் ஹஷாப் பிசினுக்குத்தான் சந்தையில் முதல் மரியாதை.

உள்ளே இருப்பது பெரும்பாலும் சர்க்கரைதான், ஆனால் நாக்குக்கு இனிக்காத சர்க்கரை. கேலக்டோஸ் அலகுகள் சங்கிலியாகக் கோத்து நிற்கும். அதிலிருந்து அரபினோஸ், ராம்னோஸ், குளுகுரோனிக் அமிலம் ஆகியவை கிளை கிளையாகப் பிரியும். கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் உப்புகளும் கூடவே இருக்கும். இவற்றோடு ஹஷாப்பில் 2 சதவீதம் அளவுக்குப் புரதமும் உண்டு. அந்தச் சின்னப் புரதம் செய்கிற வேலை பெரியது, கூல்டிரிங்க்ஸ் கேள்வியில் அதற்கு வருகிறேன்.

“பாதாம் பிசினும் இதுவும் ஒண்ணுதானே அக்கா?”

இல்லை. எங்கள் கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதனால் இரண்டு டம்ளரை எடுத்து வைத்தே காட்டிவிடுகிறேன். ஒன்றில் பாதாம் பிசின் கட்டி, மற்றொன்றில் கம் அரபிக் கட்டி, இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். மறுநாள் காலையில் பாதாம் பிசின் உப்பி, கண்ணாடிபோல் ஜெல்லியாகி டம்ளரை நிறைத்து நிற்கும். கம் அரபிக் டம்ளரில் கட்டியே இருக்காது. லேசான தேன் நிறத்தில் தண்ணீரும், அடியில் இரண்டொரு பட்டைத் துணுக்கும் மணலும் மட்டும் கிடக்கும்.

ஒன்று ஊறும், ஒன்று கரையும். ஜிகர்தண்டாவில் போட வேண்டுமானால் பாதாம் பிசின் வாங்குங்கள். கம் அரபிக் அதற்கு உதவாது. தண்ணீரில் அதன் எடைக்கு எடை பிசினைக் கரைத்தாலும் ஊற்றக்கூடிய பதத்திலேயே இருக்கும். மற்ற பிசின்கள் சில சதவீதம் சேர்த்ததுமே கூழாகிவிடும். இவ்வளவு கரைந்தும் கெட்டிப்படாத இந்தக் குணம்தான் ஆராய்ச்சியாளர்களை நூறாண்டுக்கும் மேலாக இதன் பின்னால் அலைய வைத்திருக்கிறது.

“எங்க ஊர் ஏரியில கருவேல மரத்துல வடியுதே, அதான் இது?”

உறவுக்காரர், ஆனால் அதே ஆள் இல்லை. கடலூர் மாவட்டத்து ஏரிகளில் நிற்கும் கருவேலத்தின் பெயர் அகேசியா நைலோட்டிகா. அதன் பிசினை வேலம் பிசின் என்று நாமும் விற்கிறோம், ‘இந்தியக் கம் அரபிக்’ என்றும் வணிகத்தில் சொல்வார்கள். நிறம் சற்று அடர்த்தி. வடநாட்டில் பிரசவித்த பெண்களுக்கு நெய்யில் பொரித்து லட்டு பிடிக்கிற கோந்து பெரும்பாலும் இந்த இனம்தான். ஆனால் உணவுச் சேர்க்கைகளுக்கான சர்வதேசத் தர வரையறையில் கம் அரபிக் என்றால் செனகல், சேயல் என்ற இரண்டு மட்டுமே.

உண்மையான செனகல் வேல் இந்தியாவிலும் உண்டு. ராஜஸ்தானில் அதற்குக் கும்மட் என்று பெயர். சீமைக்கருவேலமோ இந்தக் குடும்பத்துக்கே தூரத்து ஆள், அதன் பிசினையும் இதையும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

பெயர் விஷயத்தில் மாணவர்கள் குழம்புவது நியாயம். அகேசியா என்ற பேரினத்துக்கே முதலில் அடையாள மரமாக இருந்தது நம் கருவேலம்தான். 2005ல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அந்தப் பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்குக் கொடுத்தது, 2011ல் மெல்போர்னில் அது உறுதியானது. இப்போது கருவேலமும் சேயலும் வாச்செலியா, ஹஷாப் செனகாலியா. பழைய கட்டுரைகளில் அகேசியா என்றே இருக்கும், தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள். பெயர் போனது எனக்கு இன்னும் வருத்தம்தான். “ஆலும் வேலும் பல்லுக்குறுதி” என்று சொல்லி வளர்ந்தவர்களின் மரம் அது.

“மரத்தைக் கீறி எடுத்தா மரம் செத்துடாதா?”

சரியாகக் கீறினால் சாகாது. சூடானில் மழை ஓய்ந்து, அக்டோபர், நவம்பரில் இலை உதிரத் தொடங்கும் நேரம் பார்த்துப் மரப்பட்டையை மட்டும் குறுகிய நாடாபோல் உரிப்பார்கள். கட்டையில் காயம் படக்கூடாது. காயத்தை மூட மரமே பிசினைச் சுரக்கும். நாலு முதல் ஆறு வாரத்தில் முதல் அறுவடை, பிறகு சில வார இடைவெளியில் கோடை வரை பொறுக்குவார்கள். கொழுத்துச் செழித்த மரம் பிசின் தராது. வெயிலும் வறட்சியும் வாட்டினால்தான் தரும். இந்த மரம் வேரில் தழைச்சத்தையும் சேர்ப்பதால், சோளம், எள், கடலை விளைந்து களைத்த நிலத்தில் சில ஆண்டுகள் இதை வளரவிட்டுப் பிசின் எடுப்பது அங்கே பழைய வழக்கம்.

ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் கும்மட் மரங்களுக்கு வேறு வழி கண்டது. தண்டில் சிறு துளையிட்டு எத்திஃபான் கரைசலைச் செலுத்தி மூடிவிடுகிறார்கள். நம் விவசாயிகள் எத்ரல் என்று சொல்லும் அதே மருந்துதான். அது மரத்துக்குள் எத்திலீனாக, அதாவது பழத்தைப் பழுக்க வைக்கும் வாயுவாக மாறி, காயம்பட்டதுபோல மரத்தை நினைக்க வைக்கும். ராஜஸ்தானில் இதனால் பல குடும்பங்களுக்குப் பிசின் ஒரு வருமானமாகியிருக்கிறது. அளவு மிஞ்சினால் மரம் கெடும், வீட்டு முருங்கையில் சோதித்துப் பார்க்காதீர்கள்.

“ஜீரணமே ஆகாதுங்கிறீங்க, அப்புறம் சாப்பிட்டு என்ன பிரயோஜனம்?”

நமக்கு ஜீரணமாகாது, நம் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாவுக்கு ஆகும். பிசின் வயிற்றையும் சிறுகுடலையும் அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே மெதுவாக நொதித்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களாகிறது. பியூட்டிரேட் குடல் சுவரின் செல்களுக்கு நேரடி உணவு. ஒரு நாளைக்கு 10 கிராம் வீதம் நாலு வாரம் கொடுத்தபோது பிஃபிடோ போன்ற நல்ல பாக்டீரியாக்கள் பெருகியதாக 2008ல் ஒரு மனித ஆய்வு வெளிவந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 டிசம்பரில் இதை நார்ச்சத்துக் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

நொதிப்பது மெதுவாக என்பதால் மற்ற சில நார்ச்சத்துப் பொடிகளைவிட வாயுத் தொல்லை குறைவு. இதன் தனிச் சிறப்பென்று நான் நினைப்பது இதைத்தான்.

“கிட்னி ஃபெயிலியருக்கு இது மருந்துன்னு வாட்ஸ்அப்புல வந்துச்சு. அம்மாவுக்குக் கொடுக்கலாமா?”

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் அவசரமாகப் பதில் சொல்ல மனம் வராது. உட்கார வைத்துத்தான் பேசுவேன். செய்தி முழுப் பொய் இல்லை. சூடானில் சிறுநீரக நோயாளிகளுக்குப் பிசின் கரைத்த தண்ணீர் கொடுப்பது நாட்டு வழக்கம். 1996ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், புரதம் குறைந்த உணவில் இருந்த நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்குத் தினம் 50 கிராம் கம் அரபிக் கொடுத்தார்கள். இரத்தத்தில் யூரியா நைட்ரஜன் குறைந்தது, மலத்தில் நைட்ரஜன் கூடியது. பிறகு சூடானிலும் இதே அளவில் ஆய்வுகள் நடந்தன.

காரணம் முந்தைய பதிலிலேயே இருக்கிறது. பிசினைத் தின்று பெருகும் பாக்டீரியாவுக்கு நைட்ரஜன் வேண்டும். இரத்தத்திலிருந்து குடலுக்குள் கசியும் யூரியாவை அவை எடுத்துக்கொள்கின்றன, அது மலத்தோடு வெளியே போகிறது. சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கைக் குடல் செய்கிறது. இங்கேதான் நிதானம் தேவை. யூரியா குறைந்தது என்பதற்குச் சிறுநீரகம் தேறிவிட்டது என்று அர்த்தமாகாது. கசியும் குழாயின் அடியில் வாளி வைத்தால் தரை நனையாது, குழாய் சரியாகிவிடாது. மேலே சொன்ன ஆய்வுகளும் சிறியவை.

இன்னொன்று, பிசினில் பொட்டாசியம் இருக்கிறது, அதைக் கரைக்கத் தண்ணீரும் வேண்டும். தண்ணீர் அளவையும் பொட்டாசியத்தையும் டாக்டர் கட்டுப்படுத்தியிருக்கும் நோயாளிக்கு 50 கிராம் என்பது விளையாட்டல்ல. பொட்டலத்தை எடுத்துப் போய் உங்கள் சிறுநீரக டாக்டரிடமே காட்டிக் கேளுங்கள். டயாலிசிஸை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் பிசின் விற்பதில்லை.

“உடம்பு இளைக்குமா மேடம்?”

கொஞ்சம். சூடானில் 120 பெண்களிடம் தினம் 30 கிராம் வீதம் ஆறு வாரம் கொடுத்துச் செய்த ஆய்வில் உடல் கொழுப்பு சுமார் 2 சதவீதப் புள்ளி குறைந்தது. உடல் எடைக் குறியீட்டில் இறக்கம் அரைப் புள்ளிகூட இல்லை. அதை நம்பி இட்லியைக் குறைக்காமல் இருக்க வேண்டாம்.

“ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடலாம்? அலர்ஜி வருமா?”

ஆரோக்கியமானவர்கள் ஒரு டீஸ்பூன் பொடியில் ஆரம்பித்து, வயிறு பழகியபின் மெல்லக் கூட்டலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017ல் இதை மறுபடி ஆராய்ந்து, தினசரி உச்சவரம்பு என்று எண் குறிக்கத் தேவையில்லை என்றது. பெரியவர்கள் 30 கிராம் வரை தாங்கிக்கொள்வதாகவும் பதிந்தது. எடுத்த எடுப்பிலேயே அதிகம் போனால் வயிறு உப்பும், சிலருக்குப் பேதியாகும். ஒவ்வாமை அரிது. ஆனால் பொடியை மூக்கில் இழுத்துவிட்டால் கதை வேறு, பிரஸ் பற்றிய பதிலைப் பாருங்கள்.

“கூல்டிரிங்க்ஸ்ல பசையை ஏன் போடறாங்க?”

ஆரஞ்சு மணம் ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் இருக்கிறது. எண்ணெய் தண்ணீரில் நிற்காது, மேலே ஏறும். சில பழைய பானப் பாட்டில்களின் கழுத்தில் மஞ்சளாக ஒரு வளையம் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், எண்ணெய் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தடுக்கத்தான் கம் அரபிக். முதல் பதிலில் சொன்ன சின்னப் புரதம் எண்ணெய்த் துளியின் மேல் நங்கூரம் போல் ஒட்டிக்கொள்ளும். புரதத்தோடு பிணைந்த சர்க்கரைக் கிளைகள் தண்ணீர்ப் பக்கம் விரிந்து நிற்கும். அந்தக் கிளைப் புதர் நடுவில் இருப்பதால் ஒரு துளி இன்னொரு துளியோடு ஒட்ட முடியாது. பலநூறு மடங்கு தண்ணீர் ஊற்றினாலும் இந்தக் கட்டு குலைவதில்லை.

வேலை செய்வது முழுப் பிசினும் இல்லை. பிரித்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 10 சதவீதமாக இருக்கும் ‘அரபினோகேலக்டன் புரதம்’ என்ற பகுதிதான் எண்ணெயைப் பிடிக்கிறது என்று தெரிந்தது. மீதி சும்மா கூட வருகிறது. அதனால்தான் எண்ணெய் அளவுக்கு, சில சமயம் அதைவிட அதிகமாகவே பிசின் சேர்க்க வேண்டியிருக்கிறது. மாற்றியமைத்த ஸ்டார்ச் இப்போது இந்த வேலையில் போட்டிக்கு வந்திருக்கிறது. ஆனாலும் 1997ல் அமெரிக்கா சூடான் மேல் வணிகத் தடை போட்டபோது கம் அரபிக்குக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. 2023 ஏப்ரலில் தொடங்கிய போர் அந்தப் பிசின் விளையும் மண்ணிலேயே நடக்கிறது. பொறுக்குகிற குடும்பங்களை நினைக்காமல் என்னால் ஒரு மூட்டையைப் பிரிக்க முடிவதில்லை.

“கொதிக்க வெச்சா சீக்கிரம் கரையுது. அப்படிச் செய்யலாமா?”

குடிப்பதற்கு என்றால் குறையில்லை, நார்ச்சத்து அப்படியே இருக்கும். எண்ணெயும் தண்ணீரும் கலக்க என்றால் நீண்ட நேரம் கொதிக்க விடாதீர்கள். மேலே சொன்ன புரதப் பகுதி சிதைந்து பிடிப்பு போய்விடும். மருந்து செய்பவர்களுக்கு இதற்கு நேர் எதிரான ஒரு தகவல்: பச்சைப் பிசினில் ஆக்சிஜனேற்ற நொதிகள் இருக்கின்றன, அவை கூடச் சேரும் சில மருந்துப் பொருள்களைக் கெடுக்கும். கரைசலைச் சிறிது நேரம் 100 டிகிரிக்குச் சூடாக்கினால் அந்த நொதிகள் செயலிழக்கும். எதற்காகக் கரைக்கிறோம் என்பதைப் பொறுத்து அடுப்பு. கரைத்ததைச் சில நாளில் தீர்த்துவிடுங்கள், பூஞ்சை பிடிக்கும். கட்டி ஈரம் படாமல் இருந்தால் வருடக்கணக்கில் கெடாது.

“எங்க பிரஸ்ல பிளேட்டுக்குக் கம் அடிப்போம். அதுவும் இதானா அக்கா?”

இதேதான் தம்பி. ஆஃப்செட் ஓட்டுகிறவர் ஸ்பாஞ்சால் பிளேட்டைத் துடைத்து மெல்லிய படலமாக விடுவாரே, அந்தக் கரைசல். 1790களின் கடைசியில் ஜெர்மனியில் செனஃபெல்டர் கல்லச்சு கண்டுபிடித்தபோதே இது உண்டு. எழுத்து இருக்கும் இடம் கொழுப்பு, அது மையைப் பிடிக்கும். வெற்றிடத்தில் பிசின் படலமாக ஒட்டி ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும், ஈரமிருந்தால் எண்ணெய் மை ஒட்டாது. வாட்டர்கலர் வில்லைகளில் நிறப்பொடியைத் தாளோடு பிணைப்பதும் கம் அரபிக்தான்.

ஒரு காலத்தில் அச்சான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க இந்தக் கரைசலைக் காற்றில் தெளித்தார்கள். அதைச் சுவாசித்த தொழிலாளிகளுக்கு இழுப்பு வந்தது. மருத்துவ நூல்களில் ‘அச்சுத் தொழிலாளர் ஆஸ்துமா’ என்று பெயரே உண்டு. மூட்டையிலிருந்து பொடியைக் கொட்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

“பாண்டிச்சேரிக்கும் இதுக்கும் ஏதோ பழைய தொடர்பு உண்டாமே?”

உண்டு, கேட்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வரும் கேள்வி. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் புதுச்சேரிப் பக்கம் நெய்து அவுரிச் சாயமேற்றிய நீலத்துணிக்கு ‘கினே’ என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் அதைச் செனகல் நதிக்கரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பிசின் கொண்டுவரும் மூர் இன வணிகர்கள் காசு கேட்கவில்லை, நீலத்துணியைக் கேட்டார்கள். இத்தனை துணிக்கு இவ்வளவு பிசின் என்று துணியே நாணயமாகப் புழங்கியது.

வாங்கிய பிசின் ஐரோப்பாவில் எங்கே போனது என்பதில்தான் மனம் நிற்கிறது. அதில் பெரும்பகுதி துணி அச்சடிக்கும் ஆலைகளுக்குப் போனது. சாயம் கோடு தாண்டிப் பரவாமல் கெட்டிப்படுத்தப் பிசின் வேண்டும். அந்த ஆலைகள் அச்சடித்தது நம் சோழமண்டலக் கரையின் பூத்துணிகளைப் பார்த்துச் செய்த துணிகளை.

“வாங்கின பொடி அசல்தானான்னு எப்படிப் பார்க்கிறது?”

முதலில் டம்ளர் சோதனை. உப்பினால் வேறு பிசின் கலந்திருக்கிறது. கரைந்த தண்ணீரில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். நீலமானால் மாவு, செம்பழுப்பானால் டெக்ஸ்ட்ரின், அதாவது மாவைச் சிதைத்துச் செய்யும் பசை. கட்டியாக வாங்குவது இன்னும் நல்லது. நல்ல ஹஷாப் கட்டி நெல்லிக்காய் அளவில், மேலெல்லாம் நுண்ணிய வெடிப்போடு மங்கலாக இருக்கும். உடைத்தால் உள்ளே கண்ணாடிச் சில்லுபோல் மின்னும்.

ஹஷாப்பா, தல்ஹாவா என்று வீட்டில் சொல்ல முடியாது. கல்லூரி ஆய்வகத்தில் போலாரிமீட்டர் இருந்தால் எளிது. கரைசல் வழியே போகும் ஒளியின் அதிர்வுத் தளம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டும் கருவி அது. ஹஷாப் கரைசல் ஒளியை இடப்பக்கம் திருப்பும், தல்ஹா வலப்பக்கம் திருப்பும். நம் கருவேலமும் வலப்பக்கம்தான். முதன்முதலில் அந்தக் கருவியில் கண் வைத்து இரண்டு கரைசலும் எதிரெதிராகத் திரும்புவதைப் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“பழம் அழுகாம இருக்க இதைப் பூசலாம்னு படிச்சேன்…”

மலேசியாவில் நடந்த ஆய்வு அது. 10 சதவீதக் கரைசலில் தக்காளியை முக்கி எடுத்து உலர்த்தியபோது பழுப்பது தாமதமானது. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானோடு சேர்த்து வாழைப்பழத்திலும் செய்தார்கள். படலம் காற்றின் போக்குவரத்தைக் குறைத்துப் பழத்தின் மூச்சை மெதுவாக்குகிறது. ஏற்கெனவே அழுகத் தொடங்கியதை இது காப்பாற்றாது.

“பண்ருட்டியில முந்திரி மரத்துலயும் பிசின் வடியுது. அதை விக்க முடியுமா?”

இந்தக் கேள்வியைக் கடலூர்க்காரர்கள் இன்னும் சத்தமாகக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. முந்திரிப் பிசினைக் கம் அரபிக்குக்கு மாற்றாகப் பிரேசிலில், குறிப்பாக முந்திரி விளையும் சியரா மாநிலத்தில், பல பத்தாண்டுகளாக ஆராய்கிறார்கள். அதுவும் கேலக்டோஸ் முதுகெலும்பு கொண்ட கிளைச் சர்க்கரைதான். தண்ணீரில் கரையும், கெட்டிப்படாது. மாத்திரை பிணைக்க, மணத்தைப் பொடிக்குள் அடைக்க, பழத்துக்குப் பூச என்று சோதித்திருக்கிறார்கள். குறை, அதில் புரதம் குறைவு. எண்ணெயைப் பிடிக்கும் திறன் ஹஷாப் அளவுக்கு வராது.

இப்போதைக்கு உணவில் சேர்க்க விற்க முடியாது, அனுமதிக்கப்பட்ட சர்வதேசப் பட்டியலில் அது இல்லை. முந்திரித் தோட்டின் பால் பட்டால் கை வெந்துபோவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரத்திலிருந்து பறித்த பிசினை அப்படியே வாயில் போடவும் வேண்டாம், ஆய்வகத்தில் கரைத்து, வடிகட்டி, ஆல்கஹாலில் படியவைத்துத்தான் சுத்தம் செய்வார்கள். விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு இருக்கின்றன. உங்கள் தோப்புப் பிசினை ஒரு டப்பாவில் எடுத்துப் போய்க் கேளுங்கள்.

அதற்குமுன் ஒன்று. அடிமரத்தில், தரையை ஒட்டிப் பிசின் வடிந்து, கூடவே மரத்தூளும் தள்ளிக்கொண்டு வந்தால், அது தண்டுத் துளைப்பான் புழு உள்ளே இருப்பதற்கான அடையாளம். சென்ற கோடையில் ஒரு பெரியவர் இலையில் பொதிந்து கொண்டுவந்த பிசினைப் பிரித்தபோது அதில் ஈரமான தூள் ஒட்டியிருந்தது. விலை பேச வந்தவரை அன்றே தோப்புக்குத் திருப்பி அனுப்பினேன். பிசின் அப்புறம், முதலில் பட்டையைச் செதுக்கிப் புழுவைத் தேடுங்கள்.